ஈபன் ஹார்ஸ்ஃபோர்ட்: பேக்கிங் பவுடர் தந்த பேராசிரியர்

ஊரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்திருந்த அம்மா, முட்டை கலக்காத கேக்தானா என்று இரண்டு முறை விசாரித்த பிறகே வாயில் வைப்பார். பேக்கிங் பவுடர் டப்பாவின் மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதன் பூர்வீகம் எனக்கும் அப்போது தெரியாது.

ஈபன் நார்ட்டன் ஹார்ஸ்ஃபோர்ட் 1818இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் லீபிக்கிடம் வேதியியல் பயின்று திரும்பி, 1847இல் ஹார்வர்டில் ரம்ஃபோர்டு பேராசிரியரானார். விஞ்ஞானத்தை அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுத்துவதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட பதவி அது.

அந்தக் காலத்தில் ஈஸ்ட் போட்ட மாவு பொங்க மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நம் இட்லி மாவுக் கதைதான். அவசரத்துக்குச் சமையல் சோடாவுடன் புளித்த மோர் சேர்ப்பார்கள். ஆனால் மோரின் புளிப்பு ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. இன்னொரு வழி, ஒயின் பீப்பாய்களில் படியும் க்ரீம் ஆஃப் டார்ட்டர். அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும், விலையும் அதிகம். ஹார்ஸ்ஃபோர்ட் அதற்கு மாற்றாக எதைப் பிடித்தார் தெரியுமா? எலும்பு! விலங்குகளின் எலும்பைச் சுட்டு, கந்தக அமிலத்தில் இட்டு, அமில கால்சியம் பாஸ்பேட்டைப் பிரித்தெடுத்தார். 1856இல் காப்புரிமையும் பெற்றார். கோதுமையை வெள்ளை மாவாக்கும்போது தவிட்டோடு போய்விடும் பாஸ்பேட்டை இப்படித் திருப்பித் தருகிறோம் என்பது அவர் நம்பிக்கை.

அமிலத்தையும் சோடாவையும் ஒரே டப்பாவில் அடைத்தால் காற்றின் ஈரமே போதும், டப்பாவுக்குள்ளேயே பொங்கி வீணாகிவிடும். சோளமாவைக் கலந்து அந்த ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். ஜார்ஜ் வில்சனோடு சேர்ந்து ரோட் ஐலண்டில் நடத்திய ரம்ஃபோர்டு ரசாயனத் தொழிற்சாலை செழித்தது. 1863இல் ஹார்வர்டை விட்டு விலகினார்.

சம்பாதித்ததில் கணிசமான பகுதியை வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரிக்கு வாரி வழங்கினார். மீதி ஒரு பித்துக்குப் போனது. வைக்கிங் மாலுமி லெய்ஃப் எரிக்சன் பாஸ்டன் பக்கத்தில்தான் கரையிறங்கினார் என்று பிடிவாதமாக நம்பினார். அவர் முயற்சியால் 1887இல் பாஸ்டனில் எரிக்சனுக்குச் சிலை எழுந்தது. 1889இல் வெஸ்டனில் ஒரு கோபுரமே கட்டினார். வைக்கிங்குகள் வட அமெரிக்காவுக்கு வந்தது உண்மைதான். ஆனால் 1960இல் அவர்கள் குடியிருப்பின் தடயம் கிடைத்த இடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. அதைக் கேட்க அவர் இல்லை. 1893 ஜனவரி முதல் தேதியே காலமாகிவிட்டார்.

1880களிலேயே எலும்பு போய், சுரங்கத்தில் வெட்டியெடுத்த பாஸ்பேட் வந்துவிட்டது. இதையெல்லாம் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னபோது, இந்தக் கடைசிச் செய்தியைத்தான் முதலில் சொன்னேன்.