மக்களைக் கணக்கில் சேர்த்த பொருளாதார அறிஞர் மஹ்பூபுல் ஹக்

ஒரு நாடு முன்னேறியிருக்கிறதா என்று கேட்டால், அதன் ஆண்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்துப் பதில் சொல்வதே நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. அங்கே பிறக்கும் குழந்தை எத்தனை வயது வரை வாழும், அது பள்ளிக்கூடம் போகுமா என்றும் சேர்த்துக் கேட்க உலகத்தைப் பழக்கியவர்களில் முதன்மையானவர் பாகிஸ்தானியப் பொருளாதார அறிஞர் டாக்டர் மஹ்பூபுல் ஹக்.

பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் 1934-இல் பிறந்தவர். அவருக்கு 13 வயதானபோது நாடு இரண்டானது. பஞ்சாபும் ஜம்முவும் இரத்தத்தில் நனைந்த அந்த நாட்களில் குடும்பத்தோடு பாகிஸ்தானுக்கு அகதியாகப் போனார். லாகூர் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1953-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்றார். அதே ஆண்டு கல்கத்தாவிலிருந்து அங்கு வந்து சேர்ந்த மாணவர் அமர்த்தியா சென். அவர்களுடைய நாடுகள் பகையில் நின்றாலும், இருவரின் நட்பும் கடைசிவரை நிலைத்தது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தபின், பாகிஸ்தான் திட்டக் கமிஷனில் சேர்ந்து அதன் தலைமைப் பொருளாதார நிபுணரானார். அது அதிபர் அயூப் கானின் காலம். முதலில் உற்பத்தி பெருகட்டும், ஏற்றத்தாழ்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே அன்று அவருடைய கருத்தாகவும் இருந்தது. உற்பத்தி பெருகத்தான் செய்தது. ஆனால் பலன் யார் கைக்குப் போனது என்று அவரே கணக்கெடுத்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. நாட்டின் தொழில்துறைச் சொத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், வங்கித் தொழிலில் ஐந்தில் நான்கு பங்கும் வெறும் 22 குடும்பங்களிடம் இருந்தன. அரசுப் பதவியில் இருந்துகொண்டே 1968-இல் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். தாம் வகுத்த திட்டத்தின் குறையைத் தாமே மேடையேறிச் சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வருவதில்லை.

1970 முதல் 1982 வரை உலக வங்கியில் பணியாற்றினார். அதன் அன்றைய தலைவர் ராபர்ட் மெக்னமாராவுக்கு நெருங்கிய ஆலோசகராக இருந்து, ஏழைகளின் அடிப்படைத் தேவைகள் பக்கம் வங்கியின் கவனத்தைத் திருப்ப உழைத்தார். பிறகு தாயகம் திரும்பி ஜியாவுல் ஹக் ஆட்சியில் திட்டத்துறைக்கும் நிதித்துறைக்கும் அமைச்சரானார். ராணுவ ஆட்சியில் பதவி ஏற்றது குறித்து அவர்மீது விமர்சனம் உண்டு. அதே சமயம், ராணுவமும் கடன் வட்டியும் எடுத்துக்கொண்டது போகப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நிதியமைச்சரின் நாற்காலியில் இருந்து பார்த்தவர் அவர்.

1989-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே முதலாவது மனித மேம்பாட்டு அறிக்கை வெளிவந்தது. ஆயுட்காலம், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் குறியீடு அதில் அறிமுகமானது. மனித வாழ்வை ஒற்றை எண்ணில் அடக்க முடியுமா என்று சென் முதலில் தயங்கினார். வருமானம் என்ற ஒற்றை எண்ணை வீழ்த்த இன்னோர் ஒற்றை எண்ணால்தான் முடியும் என்று வாதாடி நண்பரை இணங்கவைத்தார் ஹக்.

அந்த அறிக்கை ஓர் உண்மையை எடுத்துக்காட்டியது. சவூதி அரேபியாவின் தலா வருமானம் இலங்கையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் எழுத்தறிவில் இலங்கையே முன்னால் நின்றது. எனினும் அதே இலங்கை அப்போது உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. படிப்பும் ஆயுளும் மட்டும் போதாது, அச்சமில்லாத வாழ்வும் வேண்டும்.

1994-ஆம் ஆண்டு அறிக்கையில் ஹக் கையிலெடுத்தது அந்தக் கேள்வியைத்தான். பாதுகாப்பு என்றால் எல்லையும் ஆயுதமும் என்றிருந்த பொருளை மாற்றி, உணவு, உடல்நலம், வருமானம், சுற்றுச்சூழல், தனிமனிதர், சமூகம், அரசியல் என ஏழு வகையான மனிதப் பாதுகாப்பை முன்வைத்தது அந்த அறிக்கை. பனிப்போர் முடிந்ததால் குறைந்த ராணுவச் செலவு எங்கே போனது என்று கேட்டது. எல்லா நாடுகளும் அச்செலவை ஆண்டுதோறும் 3 சதவீதம் குறைத்து, மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை மக்களுக்குத் திருப்ப வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

பிறகு இஸ்லாமாபாத்தில் மனித மேம்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கினார். 1997-இல் அது வெளியிட்ட தெற்காசிய அறிக்கை, ஆயுதம் வாங்கக் காசிருக்கும் நாடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதோர் இத்தனை கோடிப் பேர் ஏன் என்று இந்தியாவையும் பாகிஸ்தானையும் சேர்த்தே கேட்டது. 1998 மே மாதம் இரு நாடுகளும் அணுகுண்டு வெடித்துப் பதில் சொல்லின. இரு பக்கமும் தெருவில் இனிப்பு வழங்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 16 அன்று நியூயார்க்கில் அவர் வஃபாத்தானார். வயது 64.

அவருடைய குறியீடு நிலைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2003-இல் அந்த வழியில் மாநிலத்துக்கென ஓர் அறிக்கை வெளியிட்டது. அவருடைய மற்றக் கேள்விதான் இன்னும் நிலுவையில் நிற்கிறது. அடுத்த முறை பட்ஜெட் செய்தி வரும்போது, நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு எண்களைத் தேடிப் பார்ப்போம்: ஆயுதத்துக்கு எவ்வளவு, கல்விக்கும் மருத்துவத்துக்கும் எவ்வளவு?