பெச்சாக்காரரை நாயகனாக்கிய கலைஞர்

மலாய்த் திரைப்பட உலகின் மாபெரும் கலைஞர் பி. ரம்லி. இவர் 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தையார் அச்சேயிலிருந்து வந்து குடியேறிய மாலுமி. எளிய குடும்பம். ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிப் படிப்பு தடைப்பட்டது. ஆனால், இசை ஆர்வம் குன்றவில்லை.

1948இல் புக்கிட் மெர்தாஜாமில் ரம்லி பாடுவதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அக்காலத்தில் அங்கு மலாய்ப் படங்களைப் பெரும்பாலும் இந்தியர்களே இயக்கினர். தமிழரான எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ என்னும் படத்தில், 1950இல் ரம்லி முதன்முறையாகக் கதாநாயகனாக நடித்தார். படப்பிடிப்புத் தளமே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

1955இல் ரம்லி முதன்முதலாக இயக்கிய படம் ‘பெனாரிக் பெச்சா’. பெச்சா என்பது ஆளை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர மிதிவண்டி. பெச்சா மிதித்துத் தாயைக் காப்பாற்றும் அம்ரான் என்ற ஏழை இளைஞனாக அவரே நடித்தார். செல்வந்தர் ஒருவர், ஏழை என்பதற்காகவே அம்ரானை இகழ்கிறார். பகட்டாக உடுத்திய கயவனை நம்புகிறார். இறுதியில் தம் தவற்றை உணர்கிறார். மனிதரைப் பணத்தால் அளக்கலாமா என்ற கேள்வியை அப்படம் நகர மக்கள் முன் வைத்தது.

1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், ‘அனாக்கு சசாலி’ படத்திற்காக ரம்லி சிறந்த நடிகர் விருது பெற்றார். 1964இல் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், வெளிநாட்டு வண்ணப் படங்களோடு போட்டியிட இயலவில்லை. வாய்ப்புகள் குறைந்தன, வறுமை சூழ்ந்தது. ஒரு காலத்தில் கைதட்டியவர்களே அவரை மறந்தனர். 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், 44ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

1990இல் அவருக்குத் ‘தான் ஸ்ரீ’ விருது வழங்கப்பட்டது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த இல்லம் இன்று நினைவகமாக உள்ளது. பெச்சாக்காரரின் மதிப்பை உலகுக்கு உணர்த்தியவருக்கு உரிய மதிப்பு காலம் கடந்தே கிடைத்தது. உழைப்பவரை அவர் வாழும்போதே போற்றுவதுதான் ரம்லிக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றி.