ஹிட்ச்காக் நிராகரித்த உளவுப்பட இசை

உளவுப்பட இசையை வாசிக்கும் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போக நேர்ந்தால், நிகழ்ச்சி நிரலில் பெர்னார்ட் ஹெர்மன் என்ற பெயரைத் தேடுங்கள். ‘சைக்கோ’ குளியலறைக் காட்சியில் வயலின்கள் அலறுமே, அந்த இசை இவருடையதுதான்.

1911-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 30 வயதிலேயே ஆஸ்கர் வாங்கினார். இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ (1956) பார்த்திருக்கிறீர்களா? லண்டன் ஆல்பர்ட் ஹால் கச்சேரியில் சிம்பல் ஒலிக்கும் நொடியில் சுடுவதற்காக ஒருவன் காத்திருப்பான். அங்கே ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் சாட்சாத் ஹெர்மனேதான்! மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தின் துள்ளலான தொடக்க இசையும் அவருடையதே.

1966-ல் இன்னொரு உளவுப்படம், ‘டார்ன் கர்ட்டன்’. இளைஞர்களுக்குப் பிடிக்கிற, ரெக்கார்டாக விற்கிற இசை வேண்டும் என்றது ஸ்டுடியோ. ஹிட்ச்காக்கும் அதையே கேட்டார். முன்கோபியான ஹெர்மன் மசியவில்லை. ஒரு வயலின்கூட இல்லாமல், 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் என்று இருண்ட இசையோடு வந்தார். (சொன்னதைக் கேட்காதது அவர் தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.) ஹிட்ச்காக் ஒலிப்பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டார். படத்துக்கு ஜான் அடிசன் இசையமைத்தார். பழைய கூட்டாளிகள் மறுபடி சேரவேயில்லை.

1975 டிசம்பரில் ‘டாக்ஸி டிரைவர்’ ஒலிப்பதிவை முடித்துவிட்டுப் படுத்தவர், அன்றிரவே காலமானார். ஒதுக்கப்பட்ட அந்த இசையை எல்மர் பெர்ன்ஸ்டீன் பின்னாளில் பதிவுசெய்தார். தேடிக் கேளுங்கள். இரவில் என்றால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். 16 ஹார்னும் சேர்ந்தால் பக்கத்து ஃபிளாட் விழித்துக்கொள்ளும்!