படம் வரைந்து கதை சொன்னவர்

அசைவூட்டப் படங்களைக் கண்டு மகிழாத சிறுவர் இலர். திரையில் நாய் பேசுகிறது, யானைக்கன்று பறக்கிறது. அவற்றை வரைந்த ஓவியர்களை நாம் வியந்து பாராட்டுகிறோம். ஆனால், வரைவதற்கு முன்பே அக்கதையை ஒருவர் சிந்தித்து அமைத்திருக்க வேண்டும் அல்லவா? அத்தகைய திரைக்கதை ஆசிரியர்களுள் குறிப்பிடத்தக்கவர் பில் பீட்.

பில் பீட் 1915ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய இளமைக்காலம் இந்தியானாபோலிஸ் நகரில் கழிந்தது. வகுப்பில் பாடம் நடக்கும்போதும் அவருடைய கை வரைந்துகொண்டே இருக்கும். பாடநூல்களின் ஓரங்களெல்லாம் விலங்குகளின் உருவங்களால் நிறைந்திருக்கும். ஆசிரியர் பலர் அதற்காக அவரைக் கடிந்தனர். ஓர் ஆசிரியர் மட்டும் அப்படங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, இத்திறமையை ஒருநாள் நன்கு பயன்படுத்த வேண்டும் என்று வாழ்த்தினார். அவ்வாழ்த்தைப் பீட் இறுதிவரை மறக்கவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, உடற்கல்வி தவிர ஏனைய பாடங்களில் அவர் தோல்வியுற்றார். பின்னர் ஓவியத்தைப் பாடமாக எடுத்தபின் நிலைமை மாறியது. கல்வி உதவித்தொகை பெற்று ஓவியக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பயின்றார்.

1937இல் வால்ட் டிஸ்னியின் படப்பிடிப்பு நிலையத்தில் பீட்டுக்கு வேலை கிடைத்தது. முதன்மை ஓவியர் வரைந்த இரண்டு படங்களுக்கு இடையே வரவேண்டிய படங்களை வரைவதே அவ்வேலை. நாள்தோறும் டொனால்ட் வாத்தை வரைந்து வரைந்து அவர் சலிப்புற்றார். ஒருநாள் சினம் தாளாமல், இனி வாத்து வேண்டாம் என்று கூவிக்கொண்டு வெளியேறினார். மறந்து விட்டுவந்த மேலங்கியை எடுக்க மறுநாள் சென்றவருக்கு வியப்பு காத்திருந்தது. அவர் முன்பே வரைந்து கொடுத்திருந்த விந்தை உருவங்கள் மேலோரின் கருத்தைக் கவர்ந்திருந்தன. அவரைக் கதைப் பிரிவுக்கு மாற்றிவிட்டனர்.

அக்காலத்தில் அசைவூட்டப் படத்தின் கதையைத் தாளில் மட்டும் எழுதி முடிப்பதில்லை. காட்சிகளைச் சிறுசிறு படங்களாக வரைந்து, பெரிய பலகையில் வரிசையாகக் குத்திவைப்பர். இதற்குக் கதைப்பலகை என்று பெயர். கதையாசிரியர் அதன் முன்னே நின்று, ஒவ்வொரு பாத்திரமாக மாறி, கதையை நடித்துக் காட்டுவார். சுவையற்ற காட்சியின் படங்கள் உடனே பலகையிலிருந்து அகற்றப்படும். ஒரு நொடி ஓடும் படத்துக்கு 24 படச்சட்டங்கள் தேவைப்படுவதால், பிழையைப் பலகையிலேயே திருத்துவது சிக்கனமாகும். 1941இல் வெளிவந்த ‘டம்போ’ முதலிய பல படங்களின் கதையமைப்பில் பீட் இவ்வாறு பங்காற்றினார்.

டிஸ்னியின் முழுநீளப் படங்களுக்குப் பலர் கூடிக் கதை அமைப்பதே வழக்கம். டோடி ஸ்மித் எழுதிய புதினத்தை ‘நூற்றொரு டால்மேஷியன்கள்’ என்னும் படமாக்க முனைந்தபோது, அப்பணி முழுவதும் பீட் ஒருவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர் முதலில் திரைக்கதையை முழுமையாக எழுதினார். பிறகு கதைப்பலகையையும் தாமே வரைந்தார். புதினத்தில் இரண்டு தாய் நாய்கள் உண்டு. அவ்விரண்டையும் பீட் ஒரே பாத்திரமாக்கினார். அதனால் குட்டிகளைத் தேடும் பெற்றோரின் துயரம் சிதறாமல் காண்போர் நெஞ்சில் பதிந்தது. 1961இல் வெளியான அப்படம் பெருவெற்றி பெற்றது. 1963இல் வந்த ‘கல்லில் புதைந்த வாள்’ படத்தின் கதையையும் அவர் ஒருவரே அமைத்தார்.

அடுத்து, ருட்யார்ட் கிப்ளிங்கின் ‘காட்டுப் புத்தகம்’ என்னும் நூலை அவர் கையில் எடுத்தார். நம் நாட்டின் மத்தியப் பிரதேசத்திலுள்ள சியோனிக் காட்டில் வளரும் மௌக்லியின் கதை அது. மூலநூலில் குரங்குக் கூட்டத்துக்கு அரசன் இல்லை; லூயி என்னும் குரங்கரசனைப் படைத்தவர் பீட். காட்டின் அச்சமும் கடுமையும் கதையில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இனிமையும் நகைச்சுவையும் மிகுந்திருக்க வேண்டும் என்று டிஸ்னி விரும்பினார். இருவரும் தம் கருத்தில் உறுதியாக நின்றனர். 1964ஆம் ஆண்டு, தம் 49ஆவது பிறந்தநாளில், பீட் அந்நிலையத்தை விட்டு விலகினார். 26 ஆண்டுகளுக்கும் மேலான உறவு அன்று முடிவுற்றது. 1967இல் அப்படம் வெளிவந்தபோது குரங்கரசன் லூயி திரையில் ஆடினான். பீட்டின் பெயர் மட்டும் அதில் இடம்பெறவில்லை.

ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. பணியில் இருந்தபோதே சிறுவர் நூல் எழுதத் தொடங்கியிருந்த அவர், இப்போது அதற்கே தம்மை ஒப்படைத்தார். தாமே எழுதி, தாமே படம் வரைந்து, முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களை வெளியிட்டார். அவற்றின் அட்டையில் அவர் பெயர் இருந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் படங்கள் நிறைந்த அவருடைய தன்வரலாறு, 1990இல் கால்டிகாட் சிறப்புத் தகுதியைப் பெற்றது. 2002ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், தம் 87ஆம் அகவையில் அவர் காலமானார்.

பலர் கூடிச் செய்யும் பணியில் ஒருவர் விருப்பம் மட்டும் நிறைவேறுவது அரிது. அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு, காலம் வந்தபோது தமக்குரிய வழியைத் தேர்ந்தவர் பில் பீட். அடுத்தமுறை ஓர் அசைவூட்டப் படத்தைக் காணும்போது, முடிவில் ஓடும் பெயர்களைப் பொறுமையுடன் படியுங்கள். அவற்றில் இடம்பெறாத உழைப்பையும் எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி

1. கதைப்பலகை என்பது யாது? அதனால் விளையும் பயன் என்ன?
2. இரண்டு நாய்களை ஒரே பாத்திரமாக்கியதால் கதைக்கு ஏற்பட்ட நன்மை யாது?
3. பீட் பணியிலிருந்து விலகியது சரியா? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.
4. நீர் அறிந்த நாட்டுப்புறக் கதை ஒன்றை ஆறு படங்கள் கொண்ட கதைப்பலகையாக வரைக.