புளித்த பாலில் ஆயுளைத் தேடிய அறிஞர்

இருமுறை தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முற்பட்ட ஒருவர், மனிதன் நெடுங்காலம் வாழும் வழியை உலகுக்கு உரைக்கப் புகுந்தார் என்றால் அது விந்தையன்றோ? ருஷ்ய அறிஞர் இலியா மெச்னிக்கோவின் வாழ்க்கை அத்தகைய விந்தை நிறைந்தது. புளித்த பாலை ஆயுள் வளர்க்கும் உணவென்று போற்றியவர் என்றே பலரும் அவரை அறிவர். அப்பாலின் பின்னே நின்ற மனிதரையும், அவர் கொள்கையில் நிலைத்தது எது, நிலையாதது எது என்பதையும் அறிதல் பயனுடையதாகும்.

மெச்னிக்கோவ் 1845 ஆம் ஆண்டு கார்கோவ் நகரையடுத்த கிராமமொன்றிற் பிறந்தார். நான்கு ஆண்டுகளுக்குரிய சர்வகலாசாலைப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். கடல்வாழ் உயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்து இளமையிலேயே புகழ் பெற்றார். 1869 இல் லுட்மில்லா என்னும் நங்கையை மணந்தார். கசநோயால் நலிந்திருந்த மணமகளை நாற்காலியில் அமர்த்தியே ஆலயத்துக்குச் சுமந்து சென்றனர். மனைவியைக் காக்க அவர் செய்த முயற்சிகள் யாவும் வீணாயின. 1873 இல் மதேரா தீவில் லுட்மில்லா கண்மூடினார். துயர் பொறாத கணவர் உயிர்விடத் துணிந்தும் பிழைத்துக்கொண்டார்.

1875 இல் ஒல்காவை மணந்தார். சில ஆண்டுகளின் பின் ஒல்காவும் நெருப்புக்காய்ச்சலில் வீழ்ந்தார். அவர் உயிர் தப்பினார். ஆயினும் கணவரின் உள்ளம் மீண்டும் தளர்ந்தது. 1881 இல், விட்டு விட்டு வரும் ஒருவகைக் காய்ச்சல் கண்டவரின் இரத்தத்தைத் தம் உடலிற் செலுத்திக்கொண்டார். தம் சாவும் விஞ்ஞானத்துக்குப் பயன்படட்டும் என்பது அவர் எண்ணம். கடுங் காய்ச்சலிலிருந்து அவர் மீண்டெழுந்தபோது, வாழ்வின் மீது புதியதொரு பற்றும் உடன் எழுந்தது.

1882 இல் இத்தாலியின் மெசீனா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குடம்பி ஒன்றின் உடலில், தோட்டத்து ரோசா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாட் காலை நோக்கியபோது, அசையும் குழியங்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. அந்நியப் பொருளை விழுங்கி உடலைக் காக்கும் தின்குழியங்கள் பற்றிய கொள்கை இவ்வாறு பிறந்தது. 1888 இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் இடம் பெற்று, இறுதிவரை அங்கேயே உழைத்தார். 1908 இல் போல் ஏர்லிச்சுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதுமை ஏன் வருகிறது என்னும் வினா பிற்காலத்தில் அவரைப் பற்றிக்கொண்டது. பெருங்குடலில் வாழும் அழுகல் நுண்ணங்கிகள் நஞ்சைச் சுரந்து உடலை மூப்பெய்தச் செய்கின்றன என்று அவர் கருதினார். புளித்த பால் அழுகுவதில்லை. அதிலுள்ள லக்ரிக் அமிலம் அழுகலைத் தடுக்கிறது. குடலிலும் அதுவே நிகழலாகாதோ? பல்கேரிய நாட்டில் தயிருண்டு நூறு வயது கடந்தோர் பலர் உளர் என்ற செய்தி அவர் ஊக்கத்தை வளர்த்தது. அந்நாட்டு மாணவர் ஸ்டாமென் கிரிகொரொவ், 1905 இல் ஜெனீவா ஆய்வுகூடத்தில் அத்தயிரிலுள்ள கோலுருவான பற்றீரியாவை இனங்கண்டார்.

எந்தப் பால், எந்த உறை என்பதையும் மெச்னிக்கோவ் ஆராய்ந்தார். பாலெல்லாம் ஒன்றல்ல. புல்வெளி நாடோடிகளின் குமிஸ் என்னும் பானம் குதிரைப் பாலில் ஆவது. அப்பாலிற் பால்வெல்லம் நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேலுண்டு. கட்டியாக உறையச் செய்யும் கேசீனோ குறைவு. ஆதலின் அது தயிராய்த் திரளாமல், மதுவத்தின் சேர்க்கையால் மெல்லிய வெறியூட்டும் நீராகிறது. கோக்கசஸ் மலைநாட்டுக் கெபீர், பூக்கோவாத் துணுக்குப் போன்ற மணிகளைப் பாலிலிட்டு ஆக்கப்படுவது. எகிப்தியரின் லெபென் எருமை, பசு, ஆடு ஆகியவற்றின் பாலில் ஆவது. எருமைப் பாலிற் கொழுப்பு ஏழெட்டுப் பங்கு இருத்தலால் தயிர் கெட்டியாகிறது. செம்மறியின் பாலும் அத்தகையதே. வெள்ளாட்டுப் பாலோ இளகிய தயிரையே தரும்.

மெச்னிக்கோவ் குமிஸையும் கெபீரையும் விரும்பவில்லை. அவற்றில் மதுசாரம் உண்டு. காய்ச்சாத பாலையும் அவர் ஏற்கவில்லை; அதில் கசநோய்க் கிருமியும் இருத்தல் கூடும். ஏடு நீக்கிய பாலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஆய்வுகூடத்தில் வளர்த்த தூய பற்றீரியாவை உறையாக இடுதலே அவர் கண்ட முறை. நேற்றைய தயிரில் எஞ்சியதை இன்றைய பாலில் இடும் தொன்மை வழக்கத்தில் எவ்வெவ் வுயிர்கள் கலந்துள்ளன என்று எவரும் அறியார். இன்ன உயிரை இவ்வளவு உண்கிறோம் எனத் தெரிந்தே உண்ணும் வழியை அவர் வகுத்தார். பல ஆண்டுகள் தாமும் அதனை நாள்தோறும் பருகிவந்தார்.

1904 இல் முதுமை பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவைப் பத்திரிகைகள் பெருக்கி எழுதின. வணிகர் அவ்வுயிர்களை மாத்திரைகளாக்கி விற்றனர். அவரோ தயிரைச் சாவா மருந்தெனக் கூறியதில்லை. பின்வந்தோர் ஆராய்ந்தபோது, பல்கேரியப் பற்றீரியா மனிதக் குடலில் நிலைகொள்வதில்லை எனத் தெரிந்தது. குடல் நஞ்சே மூப்புக்குக் காரணம் என்ற கருத்தும் அவர் கூறிய வடிவில் நிலைக்கவில்லை. ஆயினும் தயிரிலுள்ள உயிர்கள் பால்வெல்லம் செரியாதார்க்கு அதனைச் செரிக்க உதவுகின்றன என்பது மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தகுந்த அளவில் உட்கொள்ளும்போது நன்மை தரும் உயிருள்ள நுண்ணங்கிகளுக்கு, 2001 இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய அறிஞர் குழு வரைவிலக்கணம் வகுத்தது. அதன்படி புளித்ததெல்லாம் மருந்தாகிவிடாது. ஒவ்வோர் உயிர்வகையின் பயனும் தனித்தனியே நிறுவப்படல் வேண்டும். மெச்னிக்கோவ் தொடங்கிய வினாவே இவ்வாறு செம்மைப்பட்டு நிற்கிறது.

முதல் உலகப் போரின் நடுவே, 1916 யூலை மாதத்தில், இதயநோயால் அவர் காலமானார். வயது எழுபத்தொன்று. தாம் மொழிந்த நெடிய ஆயுள் தமக்கு வாய்க்கவில்லை என்பதை அவர் மறைத்தாரில்லை. இறந்தபின் உடலைத் திறந்து, குடலை நன்கு கவனித்துப் பார்க்குமாறு மருத்துவ நண்பரிடம் வேண்டிக்கொண்டார். முன்னொருநாள் சாவதற்காகத் தம் உடலை ஆய்வுக்கு ஒப்படைத்தவர், இறுதியில் உண்மை அறிதற்காக அதனை மீண்டும் ஒப்படைத்தார். அவர் சாம்பர் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது.