27 வயதில் மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பா: ஒரு சினிமாவில்கூட நடிக்காதவரின் குரல் இன்றும் நமக்குக் கேட்பது எப்படி?

தாம்பரம் பக்கம் சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் ஏரியாக்களில் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது இப்போ சாதாரணம். வீட்டைக் காலி பண்ணும்போது கடைசியாகக் கை வைப்பது பரணில்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு விலை கிடைக்கும். பேப்பருக்கும் கிடைக்கும். ஆனால், கனமான கறுப்பு வட்டத் தட்டுகள் நாலைந்து அட்டை உறைக்குள் இருந்தால், அதை என்ன செய்வதென்று நிறைய பேருக்குத் தெரியாது. பழைய இரும்புக்கடைக்குப் போகிற வழியிலேயே பாதி உடைந்துபோகும்.

அந்தத் தட்டுகளில் ஒன்று எஸ்.ஜி.கிட்டப்பாவுடையதாக இருந்தால்?

தமிழ் நாடக மேடையின் முதல் சூப்பர் ஸ்டார் என்று இவரைச் சொல்லலாம். ஆனால், அவர் நடித்ததைப் பார்க்க இன்று ஒரு காட்சிகூட கிடையாது. மிஞ்சியது சில புகைப்படங்களும் இந்தத் தட்டுகளும்தான். யார் இந்த கிட்டப்பா? அவர் குரல் எப்படித் தப்பித்தது? விரிவாகப் பார்க்கலாம்.

செங்கோட்டையில் பிறந்த ராமகிருஷ்ணன்

1906 ஆகஸ்ட் 25-ம் தேதி செங்கோட்டையில் பிறந்தவர் கிட்டப்பா. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்பா கங்காதர அய்யர், அம்மா மீனாட்சி அம்மாள். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். கூப்பிட்ட பெயர் கிட்டப்பா. செங்கோட்டையின் எஸ், கங்காதரனின் ஜி சேர்ந்து எஸ்.ஜி.கிட்டப்பா ஆனார்.

குடும்பம் பெரிசு, வருமானம் சின்னது. அண்ணன்கள் நாடகக் கம்பெனிக்குப் போக, சின்னப் பையனான கிட்டப்பாவும் கூடவே மேடை ஏறினார். பள்ளிக்கூடப் படிப்பு பெரிதாக இல்லை. குருகுலத்தில் உட்கார்ந்து முறையாகச் சங்கீதம் படித்தவரும் இல்லை. மற்றவர்கள் பாடக் கேட்டுக் கேட்டே வந்த ஞானம். தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் பயிற்சி கிடைத்தது.

அதன்பிறகு சேர்ந்த இடம் கன்னையா கம்பெனி. பிரமாண்டமான செட், தந்திரக் காட்சிகளுக்குப் பெயர்போன கம்பெனி அது. அவர்கள் போட்ட தசாவதாரம் நாடகம் கிட்டப்பாவை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

மைக் இல்லாத காலத்துக் குரல்

அன்றைய நாடகம் ராத்திரி ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். கொட்டகையில் மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் வார்த்தை விழ வேண்டும். அதனால்தான் அந்தக் கால நடிகர்கள் எல்லோருமே உச்ச ஸ்தாயியில் பாடினார்கள். அந்தக் கூட்டத்திலும் கிட்டப்பா தனி. மேலே போகப் போக அவர் குரல் கிறீச்சிடாது. அங்கே நின்று சங்கதிகளை உதிர்க்கும். ஜனங்கள் ஒன்ஸ்மோர் கேட்டால் கதை அப்படியே நிற்கும். பாட்டு திரும்ப ஆரம்பிக்கும்.

கர்நாடக சங்கீத வித்வான்களும் கிட்டப்பாவைக் கேட்க வந்தார்கள். தேவாமிர்தவர்ஷிணி ராகத்தில் தியாகராஜர் செய்த எவரனி கீர்த்தனை நாடகம் பார்க்கிற சாதாரண மக்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்ததில் கிட்டப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. வள்ளலார் பாடலை அவர் விருத்தமாகப் பாடிய தட்டும் இன்றுவரை தேடிக் கேட்கப்படுகிறது.

இலங்கையில் நடந்த சந்திப்பு

1920-களின் நடுவில் நாடகம் போட இலங்கை போனார் கிட்டப்பா. அங்கே ஏற்கெனவே பாடிப் புகழ் பெற்றிருந்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். 1908-ல் பிறந்தவர், ரயிலில் பாடிப் பிழைத்த நிலையிலிருந்து மேடைக்கு வந்தவர். கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாடினால் தாங்க முடியாது என்று சிலர் அவரைப் பயமுறுத்தியதாகச் சொல்வார்கள். இருவரும் சேர்ந்து நின்றபோது நடந்ததோ வேறு. யார் யாரை மிஞ்சுகிறார் என்று பார்க்கவே கூட்டம் கூடியது.

மேடை ஜோடி வாழ்க்கையிலும் சேர்ந்தது. 1927-ல் இருவருக்கும் திருமணம். கிட்டப்பாவுக்கு 1924-லேயே கல்யாணம் ஆகியிருந்தது. அதனால் இந்த உறவு சுலபமாக இருக்கவில்லை. பிறந்த குழந்தை சில நாளிலேயே இறந்துபோனது. பிரிவும் வந்தது. அந்தப் பிரிவில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சில் வந்தன. மேடையில் அவ்வளவு கம்பீரமாகப் பாடியவரின் மனசு உள்ளே எப்படி இருந்தது என்பதை அவற்றில் பார்க்கலாம்.

இன்னொரு பக்கம் சுதந்திரப் போராட்டம். கிட்டப்பா கதர் உடுத்தினார். புராண நாடகத்துக்கு நடுவில் தேசபக்திப் பாட்டு வரும், கொட்டகை அதிரும்.

27 வயதில் முடிந்த வாழ்க்கை

குடிப்பழக்கமும் ஓயாத நாடக வேலையும் உடம்பைக் கெடுத்தன. 1933 அக்டோபர் கடைசியில் திருவாரூரில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். அதிலிருந்து மீளவில்லை. 1933 டிசம்பர் 2-ம் தேதி காலமானார். அப்போது வயசு 27.

சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை. நகை இல்லை. எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். பிறகு நந்தனார் படத்துக்கு அழைப்பு வந்தபோது நந்தனாராக ஆண் வேடத்தில் அவரே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய 1 லட்சம் ரூபாய் சம்பளம் இன்றும் பேசப்படுகிறது. 1953-ல் ஔவையார், 1960-களில் பூம்புகார், திருவிளையாடல் என்று 1980-ல் மறையும்வரை அவர் குரலும் முகமும் திரையில் பதிந்தன.

முதல் தமிழ் பேசும் படமான காளிதாஸ் வெளியானது 1931 அக்டோபர் 31-ல். கிட்டப்பா இறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் சினிமா அவரை விட்டிருக்காது. அவர் பாணியைப் பார்த்து வளர்ந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் 1934-ல் பவளக்கொடி மூலம் சினிமாவுக்கு வந்து உச்சத்துக்குப் போனார். கிட்டப்பாவுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்போ குரல் எப்படித் தப்பித்தது?

இங்கேதான் கிராமபோன் வருகிறது. இந்தியாவில் வணிக ரீதியாக இசைத்தட்டுப் பதிவு பெரிய அளவில் தொடங்கியது 1902-ல். லண்டன் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து கவுஹர் ஜான் உள்ளிட்டவர்களைப் பதிவு செய்தார். அப்போ மைக் கிடையாது. பெரிய கூம்புக்குள் தலையை விட்டுக் கத்திப் பாட வேண்டும். 1925-ல்தான் மைக் வைத்துப் பதியும் முறை உலக அளவில் வந்தது. கிட்டப்பா புகழின் உச்சத்தில் இருந்ததும் அதற்குப் பிந்தைய ஆண்டுகள்தான்.

ஆனாலும் ஒரு சிக்கல். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம், கொஞ்சம் இழுத்தால் மூன்றேகால் நிமிஷம்தான் பிடிக்கும். ராத்திரி முழுக்கப் பாடுகிற மனுஷன், ராகத்தை விரித்துக்கொண்டே போகிற மனுஷன், எல்லாவற்றையும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டும். நாம் இன்று கேட்பது முழு கிட்டப்பாவை இல்லை. அவருடைய சின்னச் சின்னத் துண்டுகளைத்தான்.

78 சுற்று: இதில் என்ன இருக்கிறது?

இந்தத் தட்டுகளை 78 ஆர்பிஎம் என்பார்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஆனால் அது பெயருக்குத்தான். பழைய தட்டுகளில் 70 சொச்சத்திலிருந்து 80-க்கு மேல் வரை எல்லா வேகத்திலும் பதிவு உண்டு. போதாததற்கு, சாவி கொடுக்கிற பழைய பெட்டியில் ஸ்பிரிங் தளர்ந்தால் வேகம் குறையும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் சரியில்லை என்றால் ஏறும்.

இதனால் என்ன ஆகும்? 78-ல் பதிந்த தட்டை 83-ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். 200 விநாடி ஓட வேண்டிய பாட்டு 188 விநாடியில் முடிந்துவிடும். மற்ற பாடகர் என்றால் பரவாயில்லை என்று விடலாம். உச்ச ஸ்தாயிக்கே பெயர் வாங்கிய கிட்டப்பா விஷயத்தில் இது பெரிய தப்பு. ஏற்றி ஓட்டினால் இல்லாத உயரத்தை அவருக்குக் கொடுக்கிறோம். குறைத்து ஓட்டினால் அவர் தொட்ட உயரத்தைப் பிடுங்குகிறோம். இணையத்தில் ஒரே பாட்டு இரண்டு இடத்தில் இரண்டு சுருதியில் கேட்டால், ஏதோ ஒன்றில் வேகம் தப்பு என்று அர்த்தம்.

சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆர்மோனியம் ஒரு நல்ல துப்பு. அதன் கட்டைகள் மாறாதவை. பாட்டின் ஆதார சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே எங்கேயோ தொங்கினால், வேகத்தைச் சந்தேகப்பட வேண்டும். தட்டு சேகரிப்பவர்கள் இதையும், அதே காலத்தில் அதே கம்பெனி போட்ட மற்ற தட்டுகளையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வருவார்கள்.

காப்பாற்றியது யார்?

கம்பெனிகள் விற்றுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டன. வீடுகளில் ரேடியோ வந்தது, அப்புறம் கேசட் வந்தது. சாவி கொடுக்கிற பெட்டி மூலைக்குப் போனது. 1985-ல் தீப்பிடிக்கும் வரை சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களுக்குப் பக்கத்தில் இந்தத் தட்டுகளும் குவிந்து கிடந்தன. அங்கே குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டி, சொந்தக் காசில் வாங்கி, வீட்டில் அடுக்கி வைத்தவர்கள்தான் கிட்டப்பாவைக் காப்பாற்றினார்கள். அவர்கள் கேசட்டில் ஏற்றியது சிடிக்குப் போனது, சிடியில் இருந்தது யூடியூபுக்கு வந்தது. இன்று உங்க போனில் கிட்டப்பா பாடுகிறார் என்றால், அதன் பின்னால் யாரோ ஒருவர் தூசி தட்டிய ஒரு தட்டு இருக்கிறது.

சட்டமும் தடையாக இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான பிறகு 60 ஆண்டுகள்தான். கிட்டப்பா காலத்துத் தட்டுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. பற்றாக்குறை நல்ல நிலையில் உள்ள தட்டுக்குத்தான்.

உங்க வீட்டுப் பரணில் இருந்தால் என்ன செய்யலாம்?

* இந்தத் தட்டுகள் பிளாஸ்டிக் இல்லை. அரக்கோடு கல்மாவு கலந்து செய்தவை. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும்.

* ஸ்பிரிட், சானிடைசர் போட்டுத் துடைக்கவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும். மென்மையான பிரஷ், சுத்தமான தண்ணீர் போதும். நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது. பாட்டு, பாடியவர், தட்டு எண் எல்லாம் அதில்தான் இருக்கும்.

* படுக்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். செங்குத்தாக நிற்க வையுங்கள். வெயில் படும் இடம், மொட்டை மாடி ரூம் வேண்டாம். சூட்டில் தட்டு வளையும்.

* எல்பி தட்டுக்கான முள்ளில் ஓட்ட வேண்டாம். 78 தட்டின் பள்ளம் அகலமானது. எல்பி முள் சுமார் 25 மைக்ரான் என்றால் இதற்கு 75 மைக்ரான் வேண்டும். பழைய சாவிப் பெட்டியில் ஓட்டினால் இரும்பு முள்ளை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். தேய்ந்த முள் பாட்டைச் சுரண்டிவிடும்.

* அழகுக்காகப் பித்தளைக் கூம்பு வைத்து விற்கும் புதுப் பெட்டிகளில் அரிய தட்டைப் போடாதீர்கள். அவற்றின் கனமான தலை ஒரே தடவையில் சேதம் செய்யலாம்.

* தூக்கிப் போடும் முன் லேபிளை போனில் ஒரு படம் எடுங்கள். சேலையூரிலிருந்து வேளச்சேரி சாலையில் போனால் தரமணி தூரமில்லை. அங்குள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. விசாரித்துப் பார்க்கலாம்.

கிட்டப்பா வாழ்ந்தது 27 வருஷம். அவர் இறந்து 90 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவரை மேடையில் நேரில் பார்த்தவர்கள் இன்று நம்மோடு இல்லை. அவர் எப்படிப் பாடினார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த மூன்று நிமிஷத் தட்டுகள். அதனால், அடுத்த தடவை பரண் சுத்தம் பண்ணும்போது கறுப்புத் தட்டு கையில் கிடைத்தால், முதலில் லேபிளைப் படியுங்கள்.