நிதானத்தால் ஜெயித்த ஆர்தர் ஆஷ்

1975-ஆம் வருஷம் ஜூலை 5, சனிக்கிழமை. அப்போது நான் பம்பாய் மாட்டுங்காவில் இரண்டு நண்பர்களோடு ஒரே அறையில் குடியிருந்த பிரம்மச்சாரி. எமர்ஜென்ஸி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மற்ற எதைப் பற்றியும் வாய் திறக்கத் தயக்கம். டென்னிஸைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். அன்றிரவு டிரான்ஸிஸ்டரில் பி.பி.ஸி.யைப் பிடித்தபோது, விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில் ஆர்தர் ஆஷ் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்துவிட்டார் என்று செய்தி வந்தது. காதில் தவறாக விழுந்ததோ என்றே நினைத்தேன். கானர்ஸ் முந்தைய வருஷத்துச் சாம்பியன், 22 வயது. ஆஷுக்கு 32 முடிய ஐந்து நாள் பாக்கி. அதுவரை ஒருமுறைகூட அவர் கானர்ஸை வென்றதில்லை.

அந்த மனிதரின் வாழ்க்கையைப் பிற்பாடு தேடித் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆஷ் 1943 ஜூலை 10 அன்று அமெரிக்காவில் விர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் பிறந்தார். அப்பா, கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு பூங்காவின் காவலாளி. அந்தப் பூங்காவில் டென்னிஸ் மைதானங்கள் இருந்ததால்தான் பையன் கையில் மட்டை வந்தது. ஆறு வயதிலேயே தாயாரை இழந்தார். ஊரில் நல்ல மைதானங்கள் இருந்தும் அவை வெள்ளையருக்கு மட்டுமே. லிஞ்ச்பர்க் நகரில் டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்ஸன் என்ற கறுப்பின வைத்தியர் தம் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்துவந்தார். 1957-லும் 1958-லும் விம்பிள்டன் வென்ற அல்தியா கிப்ஸனும் அவருடைய சிஷ்யைதான். கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்த பந்தையும் உள்ளே விழுந்ததாகவே எடுத்து ஆட வேண்டும், நடுவரோடு வாதாடக்கூடாது என்பது டாக்டர் வகுத்த நியமம். கறுப்புப் பையன் ஒருவன் கோபப்பட்டுவிட்டால் அடுத்த போட்டிக்கு அவனை அழைக்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆஷின் பொறுமை பிறவிக் குணம் மட்டுமல்ல. பயத்தின் நடுவே பழகிக்கொண்டதும்கூட.

கலிபோர்னியாவில் படித்துப் பட்டம் பெற்று, ராணுவத்தில் லெப்டினன்ட்டாக இருந்தபோதே 1968-ல் அமெரிக்க ஓப்பனை வென்றார். அமெச்சூர் என்பதால் பரிசுப் பணம் கிடையாது. 14,000 டாலரும் தோற்ற டாம் ஒக்கருக்குப் போயிற்று. ஜெயித்தவருக்குத் தினப்படி 20 டாலர்தான்!

இனி தென்னாப்பிரிக்கா விஷயம். நிறவெறி அரசு அவருக்குப் பலமுறை விசா மறுத்து, 1973-ல்தான் அனுமதித்தது. பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டு அவர் போனார். அங்கே போனதே தப்பு என்று கறுப்பர்களிலேயே பலர் கண்டித்தார்கள். மறு வருஷம் நம் நாட்டுக்கே அதே கேள்வி வந்தது. விஜய், ஆனந்த் அம்ருத்ராஜ் சகோதரர்கள் ஆடிய நம் அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்துவிட்டது, எதிரே தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை அவர்களுக்குப் போயிற்று. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று நான் மாதக்கணக்கில் புலம்பியிருக்கிறேன். விளையாட்டில் எதற்கு அரசியல் என்பது அன்றைய என் வாதம்.

விம்பிள்டனுக்கு வருவோம். டேவிஸ் கோப்பையில் ஆடாததற்காக ஆஷ் கானர்ஸை விமர்சித்திருந்தார். கானர்ஸ் நஷ்ட ஈடு கேட்டு அவர் மேல் வழக்கே போட்டிருந்தார். ஆஷ் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. தேசத்தின் பெயர் பொறித்த டேவிஸ் கோப்பை மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார், அவ்வளவுதான். பலமாக வரும் பந்தை அதைவிடப் பலமாகத் திருப்புவதில் கானர்ஸ் மன்னர். ஆகவே ஆஷ் தம் வழக்கமான வேக ஆட்டத்தையே துறந்து, மெதுவாக, தாழ்வாக, வேகமே இல்லாத பந்துகளாகக் கொடுத்தார். கானர்ஸ் முன்னே வந்தால் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். இடைவேளைகளில் கண்ணை மூடி அமர்ந்திருந்தார். 6-1, 6-1. மூன்றாவது செட் 5-7 என்று போயிற்று. நான்காவதில் 0-3 என்று பின்தங்கியும் பதற்றப்படாமல் 6-4 என்று முடித்தார். விம்பிள்டன் ஒற்றையரில் வென்ற முதல் கறுப்பின ஆண் அவரே.

1979-ல் மாரடைப்பு, பிறகு பைபாஸ். 1983-ல் இரண்டாவது அறுவை சிகிச்சையின்போது ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்திருக்கிறது. 1988-ல்தான் தெரியவந்தது. ஒரு நாளிதழுக்கு விஷயம் எட்டிவிட்டதால் 1992 ஏப்ரலில் தாமே உலகுக்குச் சொல்ல நேர்ந்தது. நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவர், ஐந்து வயது மகளைப் பற்றிய வரி வந்ததும் குரல் அடைத்து நின்றுவிட்டார். மனைவி எழுந்து வந்து மீதியைப் படித்தார். 1993 பிப்ரவரி 6 அன்று, 49 வயதில், ஆஷ் காலமானார்.

என் மனத்தை மாற்றியது வேறொரு சம்பவம். 1973-ல் தென்னாப்பிரிக்கா போன அதே ஆஷ், பிற்பாடு அந்நாட்டைப் புறக்கணிக்க வேண்டும் என்ற பக்கமே நின்றார். 1985-ல் வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் மறியல் செய்து கைதானார். கோட்டுக்கு வெளியே விழுந்த பந்துக்குக்கூட வாதாடாதவர், அநியாயத்துக்கு எதிரே போய் நின்றார். தமக்கு நேர்ந்த சிறுமையைப் பொறுத்துக்கொள்வது வேறு, பிறருக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பொறுத்துக்கொள்வது வேறு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1974-ல் நாம் இழந்த கோப்பைக்காகப் புலம்புவதை அன்றோடு விட்டேன்.

இப்போது என் பேரன் டென்னிஸ் கற்றுக்கொள்கிறான். நடுவர் தப்பாகத் தீர்ப்பு சொன்னார் என்று அழுதுகொண்டு வரும் நாட்களில், அவனை மடியில் உட்காரவைத்து ஆஷின் கதையைத்தான் சொல்கிறேன். கைதான பகுதியையும் விடாமல் சேர்த்தே சொல்கிறேன்.